முந்நூறு வீட்டுக் கல்வெட்டு

2025 பங்குனி (மார்ச்) 6

"அவையீர்! மண் கிண்டிப் பொன் விளைக்கும் உழவர்காள்! மகவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலைவரை வாயில் பார்த்திருக்கும் தாய்மாரே! கோயிலுக்கு ஒரு தெரு வைத்த ஊரில் குடிக்கு மூன்று தெரு திறந்தவர் யார்? அவரை நாம் கேட்டோமா? கேளாதிருந்த குற்றம் நம்முடையது அன்றோ?"

வைகாசியில் நடக்கவிருக்கும் கள்ளுண்ணாமை மன்றக் கூட்டத்துக்கு எழுதிய தொடக்கம் இது. காலையில் கிணற்றடி வாழைகளின் முன் நின்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை குரல் நன்றாக ஏறியது. பாலேஸ்வரி அடுக்களை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, வாழையள் எல்லாம் குடியை விட்டிட்டுதுகள். இனிச் சாப்பிட வரலாம்."

முப்பது ஆண்டு அஞ்சலதிபர் வேலை. நாற்பது ஆண்டு மேடை. மனையாளிடம் மட்டும் ஒருநாளும் கைதட்டு வாங்கியதில்லை.

பங்குனி 12

இன்று ஒரு மருத்துவர் வீடு தேடி வந்தார். பெயர் தர்சினி. பட்டணத்து மருத்துவமனையில் கணைய நோய்களை ஆராயும் குழுவில் இருக்கிறார். ஆய்வில் சேர வருவோருக்குக் கொடுக்கும் விளக்கத்தாளைக் கையில் கொண்டுவந்திருந்தார். ஆங்கிலத்திலிருந்து யாரோ பெயர்த்த தமிழ்.

"ஐயா, இதை வாசிச்சிட்டுச் சனம் பயப்பிடுது. ஒருக்காத் திருத்தித் தாங்கோ. தபால் கந்தோரிலை நீங்கள் எழுதி ஒட்டிற அறிவித்தலுகளைப் பாத்துத் தமிழ் படிச்சனான்."

வாசித்தேன். எனக்கும் அச்சமாகத்தான் இருந்தது. நோயைக் கண்டு அல்ல, தமிழைக் கண்டு.

கணையம் எங்கே இருக்கிறது என்று அவரே விளக்கினார். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் குறுக்கே படுத்திருக்கும் உறுப்பு. உண்டதைச் செரிக்கும் நீரைச் சுரப்பதும் குருதியின் சர்க்கரையை ஆள்வதும் அதன் வேலை. பழுதானால் தன் நீராலே தன்னையே செரிக்கத் தொடங்கிவிடும். "தன்னையே தின்னும் உறுப்பு" என்று உடனே குறித்துக்கொண்டேன். மேடைக்கு ஆகும் என்ற எண்ணம்.

பிறகு அவர் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

"இதுவரை நாப்பத்தொரு பேர் சேந்திருக்கினம் ஐயா. அதிலை பத்தொன்பது பேர் ஒரு சொட்டும் தொட்டறியாதவை."

"குடியாமல் கணையம் கெடுமோ?"

"கெடும். குடி ஒரு காரணம். பித்தக்கல்லாலையும் வரும், பரம்பரையாலையும் வரும். கனபேருக்கு ஏனெண்டே தெரியாது. அதைத் தேடத்தானே இந்த ஆய்வு."

"அப்படியென்றால் மக்கள் வரலாமே."

"வந்தாக் குடிகாரக் குடும்பம் எண்டு பேர் வந்திடுமாம். சாவகச்சேரியிலையிருந்து ஒரு அம்மா வந்தவ. மனுசன் குடிக்காத ஆள் எண்டு முதல் ஒரு துண்டு எழுதித் தாங்கோ, வைத்தியத்தைப் பேந்து பாப்பம் எண்டு நிண்டவ."

பாலேஸ்வரி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மருத்துவர் புறப்பட்டபோது எழுந்து வழியனுப்பவும் மறந்தேன்.

பங்குனி 14

விளக்கத்தாளைத் திருத்தி முடித்தேன். ஒரு வரியில் மட்டும் தர்சினி உடன்படவில்லை. "இந்நோய் பலருக்கு ஏன் வருகிறது என்பது எமக்கு இன்னும் தெரியவில்லை" என்று இருந்தது. அறிஞர் குழு ஒன்று தெரியவில்லை என்று தொடங்கினால் யார் நம்புவார்? அதை வெட்டிவிட்டு, "மருத்துவ அறிவின் பேரொளி இந்நோயின் இருள்மூலையெங்கும் பாயும் நாள் அண்மித்துவிட்டது" என்று எழுதினேன்.

தொலைபேசியில் அவர் மெல்லச் சொன்னார்: "வடிவாத்தான் இருக்கு ஐயா. ஆனால் உண்மை இல்லையே. பழைய வரியை அப்பிடியே விடுங்கோ."

விட்டேன். விளக்கத்தாளின் மூன்றாம் பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு: இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பயன் கிடைக்காமலும் போகலாம். நாற்பது ஆண்டில் எந்த மேடையிலும் நான் இப்படி ஒரு வரி சொன்னதில்லை.

பங்குனி 15

அலுமாரியின் மேல்தட்டைத் திறக்கவில்லை.

பங்குனி 17

திறந்தேன்.

எங்கள் ஊரில் மூன்றாம் தெருவில் இருந்த ஜெயரூபனின் கல்வெட்டு அங்கேதான் இருந்தது. இறந்தவர் பெயரில் முப்பத்தோராம் நாள் அச்சிட்டு உறவுக்கும் ஊருக்கும் கொடுக்கும் அந்தச் சிறு நூலுக்கு எங்கள் பக்கத்தில் பாட்டு எழுதுபவன் நான். 2022 ஐப்பசியில் அவன் போனான். முப்பத்தெட்டு வயது, வெங்காயமும் வாழையும் செய்த நல்ல உழவன், ஒரு பெண்குழந்தையின் தந்தை. எரிபொருளுக்கு வரிசை நின்ற ஆண்டு அது. வயிற்றுவலியோடு நாளைக் கடத்தி, அறுவை செய்தும் பிழைக்கவில்லை.

அவனுடைய மாமன் பாட்டுக் கேட்டு வந்தபோது, என்ன வருத்தம் என்று கேட்டேன். "கணையம் பழுதாம். டொக்ரர்மார் கேட்ட முதல் கேள்வியே குடிப்பானோ எண்டுதானாம்" என்றார். அவ்வளவுதான். கேள்வியை நான் விடையாக எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் பக்கத்தில், ஊருக்கு அறிவுரை என்ற தலைப்பின் கீழ், என் பாட்டு:

கள்ளுண்டு கணையம் கருகிய காளையைக்
கண்டபின் ஏனும் கலயம் உடைமின்.

ஆறு சொல்லில் ககரம் மோனையாக வந்து விழுந்த மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. அன்று மாலை பாலேஸ்வரிக்கு இருமுறை படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள்: "அந்தப் பெடியன் குடிச்சு நான் ஒருநாளும் காணேல்லையே." நான் என்ன சொன்னேன்? மறைவாகக் குடித்திருப்பான் என்றேன்.

முந்நூறு படி அச்சிட்டார்கள். முந்நூறு வீடு.

பங்குனி 18

ஒரு சொல்லு கேட்டிருக்கலாம். அவன்ரை பெண்சாதியிட்டை ஒரு சொல்லு. வேலியாலை எட்டிப் பாத்துக் கேட்டிருக்கலாம் — மூண்டாவது ஒழுங்கைதானே — என்ன அவசரம் எனக்கு? மோனைக்காக ஒரு மனிசனைக் குடிகாரன் ஆக்கினனே.

பங்குனி 23

அச்சுவேலிச் சந்தைக்குப் போனேன். வெங்காய மூடைகளை இறக்கும் இடத்தில் ஒரு லாண்ட்மாஸ்ரர் கை உழவு இயந்திரத்தின் சில்லோடு சாய்ந்து ஒருவன் குந்தியிருந்தான். முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு கட்டி, நெற்றியை முழங்காலில் அழுத்தியிருந்தான். பிரணவன். ஜெயரூபனின் தம்பி, முப்பது வயது இருக்கும்.

"என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை ஐயா. வாய்வு."

"எத்தனை நாளாக?"

"வரும், போகும். குளிசை போட்டிருக்கிறன்."

முகம் வியர்த்திருந்தது. எதிர்க்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, பெருவிரலை வாய்ப்பக்கம் சரித்துக் காட்டினார். "உவனும் தமையன்ரை வழிதான் ஐயா. நீங்கள் எழுதின மாதிரி."

நீங்கள் எழுதின மாதிரி.

பங்குனி 25

ஜெயரூபனின் மனைவி சிவகௌரியைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டார். கோபத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு அந்த அமைதி கூடுதல் சுமையாக இருந்தது.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன், இரண்டரை ஆண்டு பிந்தி.

"அவர் ஒருநாளும் குடிக்கேல்லை ஐயா. கலியாண வீட்டிலை சோடாவும் பாதி வைச்சிட்டு வாற ஆள். கல்வெட்டு அச்சடிச்சு வந்த பிறகுதான் நான் வாசிச்சனான். பந்திக்கு இலை போட்டாச்சு, ஆக்கள் வந்திட்டினம். அந்த நேரம் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

"என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கதைச்சா ஊர் கேக்கும். நான் கதைச்சா ஆர் கேக்கிறது?"

பிரணவன் உள்ளிருந்து வந்தான். ஆய்வைப் பற்றியும் மருத்துவர் தர்சினியைப் பற்றியும் சொன்னேன். நின்றபடியே கேட்டுவிட்டுச் சொன்னான்: "எனக்குக் கலியாணம் பேசின இடம் போன மாதம் முறிஞ்சது. பொம்பிளை வீட்டுக்காரர் ஆர்ரையோ வீட்டிலை அந்தக் கல்வெட்டை வாசிச்சிருக்கினம். குடி பரம்பரையோ எண்டு கேட்டவையாம். இப்ப நான் அந்தக் கிளினிக் வாசல்லை போய் நிண்டா, நானே சாட்சி சொன்ன மாதிரி."

"வலியை வைத்துக்கொண்டு இருந்தால் உயிருக்கு—"

"உயிர் போனா நீங்கள் இன்னொரு பாட்டு எழுதலாம் ஐயா."

சிவகௌரி அவனை அடக்கினார். எழுந்தேன். வேலிப் படலைவரை வந்த சிவகௌரி தாழ்ந்த குரலில் சொன்னார்: "இவருக்கும் இப்பிடித்தான் துடங்கினது. சாப்பிட்ட கையோடை முதுகுக்குள்ளாலை குத்தும். உவனையும் எரிக்க எனக்கு ஏலாது. நீங்கள் எழுதினதை நீங்கள்தான் எடுக்கவேணும்."

சித்திரை 2

மன்றத் தலைவர் செபநாயகம் இளைப்பாறிய பள்ளி அதிபர், நேர்மையானவர், என் நண்பர். வைகாசிக் கூட்டத்தில் என் பிழையைச் சொல்லப்போகிறேன் என்றதும் தலையைச் சொறிந்தார்.

"ஐசே, கள்ளுண்ணாமை மேடையிலை நிண்டு குடிக்காதவனுக்கும் வரும் எண்டு சொன்னால், குடிக்கிறவன் சிரிச்சுக்கொண்டு மற்றப் போத்தலைத் திறப்பான். வேணுமெண்டா அந்தப் பிள்ளை சிவகௌரியிட்டைத் தனிய மன்னிப்புக் கேளும்."

"ஊர் கேட்கப் பழித்தேனே. தனியே எப்படி மீட்பது?"

"யோசியும்" என்றார்.

அவர் சொன்னதிலும் பொருள் இருக்கிறது. அதுதான் இடர்.

சித்திரை (ஏப்ரல்) 14

புத்தாண்டு. சிறுவருக்குக் கைவிசேடக் காசு கொடுத்தேன். சிவகௌரி வீட்டு வாசலில் இவ்வாண்டும் கோலம் இல்லை.

சித்திரை 21

உரையை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். எழுதுந்தோறும் அது என் புகழ்பாடும் உரையாகவே மாறுகிறது: பிழையை ஒப்புக்கொள்ளும் பெருந்தகையாக நானே நடுவில் நிற்கிறேன். "தன்னையே தின்னும் உறுப்பு" என்ற தொடரைக் குறிப்பேட்டில் வெட்டினேன். மேடைக்கு ஆகாது, பிரணவன் முகத்தைப் பார்த்தபின் எதற்கும் ஆகாது.

தர்சினியிடம் கேட்டேன்: ஜெயரூபனுக்கு ஏன் வந்தது? "எனக்குத் தெரியாது ஐயா" என்றார். தயக்கமே இல்லாமல் சொன்னார். அந்தச் சொல்லில் எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதை இத்தனை நாள் அறியாதிருந்தேன்.

வைகாசி 10

கூட்டம் சனசமூக நிலைய முன்றலில். இருநூறு பேர் இருக்கலாம். வெயில் தாழ்ந்திருந்தது.

"அவையீர்" என்று தொடங்கினேன். உழவர்களையும் தாய்மாரையும் விளிக்கவில்லை. தாளை மடித்துவிட்டுச் சொன்னேன்:

"ஜெயரூபன் கல்வெட்டின் ஒன்பதாம் பக்கத்தில் நான் எழுதியது பொய். அவன் குடித்தவன் அல்லன். நான் எவரையும் கேளாமல் எழுதினேன். அவனுக்குக் கணையம் ஏன் கெட்டது என்று எனக்குத் தெரியாது."

தெரியாது. அந்த ஒலிபெருக்கியில் என் குரலில் முதல் முறையாக அந்தச் சொல். யாரும் கைதட்டவில்லை. ஒரு குழந்தை அழுதது.

வேப்பமரத்தடியில் நின்ற லியோன், மாலை ஐந்துக்குமேல் நிதானத்தில் இல்லாதவன், குரல் கொடுத்தான்: "அப்ப ஐயா, குடிச்சாலும் வரும், குடிக்காட்டியும் வரும். நான் ஏன் விடவேணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். செபநாயகம் என்னைப் பார்த்தார்: சொன்னேனே என்ற பார்வை.

"லியோன், குடையோடு போனவனும் சிலவேளை நனைவான். அதற்காக மழைக்குள் போய்ப் படுப்பாயோ? உனக்கு வந்தால் பெரும்பாலும் குடியால்தான் வரும். நாளைக்கே விடு. ஆனால் நீ குடிப்பதற்காகக் குடியாதவன் தலைகுனிந்து சாகக்கூடாது."

மறுபடியும் சிரிப்பு, இம்முறை வேறு விதமாக. சிவகௌரி கடைசி வரிசையில் இருந்தார். நான் முடிக்குமுன் எழுந்து போய்விட்டார். பிரணவன் வரவே இல்லை.

வைகாசி 11

வீட்டுப்பக்கம் ஒருவரும் வரவில்லை. செபநாயகம்கூட.

வைகாசி 15

பொழுது விடிந்து பால் வாங்கப் படலை திறக்கும்போது லாண்ட்மாஸ்ரர் சத்தம். பிரணவன் இறங்காமலே கேட்டான்:

"புதன்கிழமை கிளினிக் எத்தினை மணிக்கு?"

"எட்டுக்கு."

"நீங்களும் வாறியளோ?"

"வருகிறேன்."

"அங்கை பாட்டொண்டும் பாடக்கூடாது."

பாலேஸ்வரி உள்ளேயிருந்து, "நான் பொறுப்புத் தம்பி" என்றாள்.

வைகாசி 21

அரியாலையைச் சேர்ந்த ஒரு தாதி பதிவுமேசையில் இருந்தார். பெயர், அகவை, ஊர். பிறகு நிமிர்ந்து பாராமலே, "குடிக்கிறனீரோ?" என்றார்.

பிரணவன் என்னைப் பார்த்தான். "இல்லை" என்றான்.

அவர் "இல்லை" என்று எழுதினார்.

கேட்டார், சொன்னான், எழுதினார். மூன்றும் முடிய ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த நொடியைத்தான் நான் அன்று செலவிடாமல் விட்டேன்.

வயிற்றின் உள்ளே பார்க்கும் கருவிப்படத்தில் கணையக் குழாயில் கல் தெரிகிறதாம். சர்க்கரையும் ஏறத் தொடங்கியிருக்கிறது. வந்தது நல்ல நேரம் என்றார் தர்சினி. விளக்கத்தாளை அவனிடம் கொடுத்தபோது பயன் கிடைக்காமலும் போகலாம் என்ற வரியை விரலால் தொட்டு நிறுத்தி வாசித்துக் காட்டினார். ஒரு வரியை நான் வெட்டப் பார்த்த கதையை வழியில் சொல்லியிருந்தேன். அவன் கேட்டான்: "இதைத்தான் ஐயா வெட்டப் பாத்தவரோ?"

"இல்லை. அது வேறை வரி" என்றார் தர்சினி. கையெழுத்துப் போட்டான்.

ஆனி 9

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? பொறுமையாக எழுதுகிறேன்.

ஜெயரூபனுக்கு அறுவை செய்தபோது கணையத்திலிருந்து நகக்கண் அளவு துண்டு எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். சோதித்தபின் அதை மெழுகுக்குள் வைத்துக் கட்டியாக்கி ஆய்வுக்கூடத்தில் வைப்பது வழக்கமாம். அது இன்னும் இருக்கிறது. அதிலிருந்து அவன் மரபுக்கூறைப் பார்க்கலாம். தம்பியின் குருதியோடு ஒப்பிடலாம். மனைவி ஒப்பம் தந்தால் மட்டும்.

தர்சினி இதைச் சிவகௌரி வீட்டு முற்றத்தில் அமர்ந்து சொன்னார். சிவகௌரி நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் எரிச்சு, சாம்பலைக் கீரிமலையிலை கரைச்சு முடிச்சம் எண்டெல்லோ இருந்தன்" என்றார். "அவரின்ரை ஒரு துண்டு இன்னும் இருக்கோ?"

"ஓம் அக்கா. இவ்வளவுதான்." சுண்டுவிரல் நுனியைக் காட்டினார். "வேண்டாம் எண்டாச் சொல்லுங்கோ. நாங்கள் தொடமாட்டம்."

எனக்கு வாய் துடித்தது. சொல்லத் தகுந்த அடிகள் பல திரண்டன. பேசாதிருந்தேன். வாழ்வில் நான் ஆற்றிய கடினமான செயல் அதுவாகத்தான் இருக்கும்.

"அவர் குடிச்சவரோ இல்லையோ எண்டு அது சொல்லுமோ?"

"அதைச் சொல்லாது அக்கா. பரம்பரையிலை ஏதும் இருந்ததோ எண்டு சொல்லலாம். ஒண்டும் தெரியாமலும் போகலாம்."

சிவகௌரி பேனையை வாங்கினார். "குடிக்கேல்லை எண்டு சொல்ல எனக்கு மெழுகு வேண்டாம். உவனுக்காகத் தாறன்."

ஆடி 3

பிரணவனுக்குக் குழாய்க் கல்லை எடுத்தார்கள். இரண்டு நாள் சோறில்லை. இன்று கஞ்சி.

ஆவணி 17

செபநாயகம் வந்தார். மன்றத்துக்கு வராத இரண்டு குடும்பங்கள் ஆய்வுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். "லியோன் விடேல்லை. ஆனால் உம்மைக் கண்டா ஒளிக்கிறான். அதுவும் முன்னேற்றந்தான்" என்றார். தேநீருக்கு இரண்டாம் கரண்டி சீனி அள்ளினார். பாலேஸ்வரி அதைத் திருப்பிக் கொட்டினாள்.

ஐப்பசி 8

முடிவு வந்தது. அண்ணனிலும் தம்பியிலும் ஒரே மரபுக்கூறில் ஒரே மாற்றம். கணையத்தைக் காக்கும் ஒரு காப்பு இருவருக்கும் பிறப்பிலேயே தளர்ந்திருக்கிறது. "இதுதான் முழுக் காரணம் எண்டு சொல்லமாட்டன்" என்றார் தர்சினி. "ஆனால் இதுவும் ஒரு காரணம்." சிவகௌரியின் மகளையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டுமாம். இப்போது அவளுக்கு ஒன்றும் இல்லை.

பிரணவன் சாப்பாட்டோடு குளிசை எடுக்கிறான், சர்க்கரை அளக்கிறான். வலி முற்றாகப் போகவில்லை; குந்தவேண்டிய அளவுக்கு வருவதில்லை.

ஐப்பசி 12

வரும் வாரம் ஜெயரூபனின் மூன்றாம் ஆண்டுத் திவசம். அதற்கு முன்னே ஒரு தாள் அச்சிடக் கொடுத்திருந்தேன். ஒன்பதாம் பக்கத்தின் அளவு. அதற்கு மேலே ஒட்டுவதற்கு. முந்நூறு வீட்டையும் நான் அறிவேன். முப்பது ஆண்டு கடிதம் பிரித்த கை. அஞ்சலகக் காலத்துப் பசைப்போத்தல் ஒன்றும் இருந்தது.

இன்று ஊரின் முதலாம் ஒழுங்கையில் தொடங்கினோம். பிரணவன் லாண்ட்மாஸ்ரர் ஓட்ட, பின்னால் பூட்டிய பெட்டியில் தாள்களோடு நான் இருந்தேன். சிலர் கல்வெட்டைச் சாமிப்படத் தட்டிலிருந்து எடுத்துவந்தார்கள். சிலர் பழைய பள்ளிப் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து. ஒரு வீட்டில் கறையான் எனக்கு முன்பே வந்து ஒன்பதாம் பக்கத்தைத் தின்றிருந்தது. "உங்கடை வேலையை அது சுகமாக்கிப் போட்டுது" என்றான் பிரணவன். நாற்பத்தாறு வீட்டில் நானே ஒட்டினேன். எவரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் பசை காயும்வரை பக்கத்தை விரித்தே பிடித்திருந்தார்.

தாளில் மோனை இல்லை. அச்சகத்துக்குப் போகுமுன் பிரணவனிடம் காட்டியபோது ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றச் சொன்னான். "நாளைக்குப் போங்கோ எண்டு எழுதியிருக்கிறியள். அண்ணையும் ஒவ்வொரு நாளும் நாளைக்கு எண்டுதான் சொன்னவர்." மாற்றினேன். தாள் இதுதான்:

"இந்தப் பக்கத்தில் முன்பு இருந்தது பொய். எழுதியவன் நான். ஜெயரூபன் குடித்தவர் அல்லர். கணைய நோய் குடிப்பவருக்கும் வரும், குடியாதவருக்கும் வரும். பலருக்கு ஏன் வருகிறது என்று இன்னும் தெரியவில்லை, தேடுகிறார்கள். உண்டபின் முதுகுவரை குத்தும் வலியை ஊருக்கு அஞ்சி மறைப்பவர் இந்த வீட்டில் இருந்தால், இதைக் கீழே வையுங்கள். அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். இப்போதே."